வாசகர் கேள்வி – பதில்: ஃபில்டரைச் சுருக்குவது எப்படி?

கேள்வி: 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) போர்டில், 2.5 கிகாஹெர்ட்ஸ் கட்ஆஃப் (அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களைத் தடுக்கத் தொடங்கும் எல்லை) வைத்து, ஆறாம் வரிசை (ஆறு துண்டுகள் கொண்ட) ஸ்டெப்டு இம்பீடன்ஸ் லோபாஸ் ஃபில்டர் ஒன்று போட்டிருக்கிறோம், அதாவது மெல்லிய கோடும் அகலப் பட்டையும் மாறிமாறி வரும் வடிப்பான். 4 கிகாஹெர்ட்ஸில் 20 டெசிபல் தடுப்பு வேண்டும், அது வருகிறது. ஆனால் நீளம் 33 மி.மீ. ஆகிறது, குறைக்கச் சொல்கிறார்கள். இண்டக்டராக வேலை செய்யும் மெல்லிய 120 ஓம் கோடுகளை 150 ஆக்கினால் போதுமா? போர்டின் அடியிலுள்ள கிரவுண்டுச் செம்பில் வெட்டுப் போட்டால் சுருங்கும் என்கிறாரே நண்பர்?

பதில்: 150 ஓம் பேராசை. உங்கள் போர்டில் 120 ஓம் கோடே 0.4 மி.மீ. அகலம்தான், 150க்குப் போனால் 0.2க்கும் கீழே இறங்கும், எட்சிங்கில் கொஞ்சம் கூடக் குறைய அரித்தாலும் இம்பீடன்ஸ் மாறிவிடும். இவ்வளவு பாடுபட்டும் மிச்சமாவது என்ன? உயர் இம்பீடன்ஸ் துண்டுகள் மொத்தம் 18 மி.மீ. இருக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை மி.மீ. சரி, மறுபக்கம் கெபாசிட்டராக வேலை செய்யும் 20 ஓம் பட்டைகளை 15 ஆக்கலாமே என்றால், 11 மி.மீ. அகலப் பட்டை 16 ஆகிவிடும். நீளத்தில் மிச்சம் பிடித்ததை அகலத்தில் கொடுத்த கதைதான்.

என்னைக் கேட்டால் வரிசையைக் குறையுங்கள். நீங்கள் போட்டிருப்பது சமதளப் பாஸ்பேண்ட் (கட்ஆஃபுக்குக் கீழே சிக்னல் ஏற்ற இறக்கமின்றிக் கடக்கும்) வகையாகத்தான் இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆறு துண்டு கேட்கும். பாஸ்பேண்டில் 0.1 டெசிபல் ஏற்ற இறக்கம் பரவாயில்லை என்றால், எலிப்டிக் வகையில் (ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொண்டு கட்ஆஃபுக்கு மேல் செங்குத்தாகத் தடுக்கும் வகை) நான்காம் வரிசையே 4 கிகாஹெர்ட்ஸில் அந்த 20 டெசிபலைத் தந்துவிடும். கெபாசிட்டர் பட்டைக்குப் பதில், மெல்லிய கோட்டின் முனையில் அகலப் பட்டை வைத்த டி வடிவ ஸ்டப்பை, அதாவது முனை திறந்த கிளைக் கோட்டை, பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். கட்ஆஃபுக்குக் கீழே அது கெபாசிட்டராக வேலை செய்யும், அதன் ஒத்ததிர்வில் சிக்னலை நேராகக் கிரவுண்டுக்குத் தள்ளிவிடும். பக்கவாட்டில் நிற்பதால் நீளத்தைத் தின்னாது.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. திறந்த முனையில் மின்புலம் செம்பைத் தாண்டி வழிவதால், ஸ்டப் வரைந்ததைவிட நீளமாக நடந்துகொள்ளும். போர்டு தடிமனில் சுமார் 0.4 பங்கு, உங்களுக்கு 0.6 அல்லது 0.7 மி.மீ. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் 5 கிகாஹெர்ட்ஸுக்கான கால் அலைநீள ஸ்டப் மொத்தமே 8 மி.மீ.தான், கழிக்காமல் விட்டால் பள்ளம் (சிக்னல் மிக அதிகம் தடுக்கப்படும் இடம்) 4.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நீளத்தைக் கழித்தே வரையுங்கள், அப்புறம் முழு மின்காந்த சிமுலேஷனில் ஒருமுறை சரிபாருங்கள். சர்க்யூட் மாடலை மட்டும் நம்ப வேண்டாம்.

மெல்லிய கோடுகளை மடித்துப் போடலாம், நெருக்கிவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிராக ஓடும் மின்னோட்டம் இண்டக்டன்ஸைக் குறைத்துவிடும், சுருக்கப் போய் கட்ஆஃப் மேலே ஏறிவிடும்.

கிரவுண்ட் வெட்டு விஷயத்தில் நண்பர் சொல்வது உண்மைதான். டம்பெல் வடிவ வெட்டு மின்னோட்டத்தைச் சுற்றிப் போக வைப்பதால் இண்டக்டன்ஸ் கூடும், நடு இடுக்கு கெபாசிட்டராகும், இரண்டும் சேர்ந்து தடுப்புப் பட்டை தரும். ஆனால் போர்டை உலோகப் பெட்டியில் அடியோடு பதித்தால் வெட்டு மூடிக்கொள்ளும், திறந்து வைத்தால் கதிர்வீசும். அடியில் இடைவெளி உறுதியாக இருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: 10 கிகாஹெர்ட்ஸ் அருகே சிக்னல் மறுபடி கசிகிறதே?

பதில்: உங்கள் ஃபில்டரில் உள்ள 9 மி.மீ. மெல்லிய கோடு அங்கே அரை அலைநீளம் ஆகிவிடுகிறது, இருந்தும் இல்லாததுபோலச் சிக்னலை விட்டுவிடும். துண்டுகள் குட்டையானால் இது மேலே தள்ளிப்போகும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சீரான கால் அலைநீள ஸ்டப் போட்டால் அதுவும் 10இல் திறந்த சுற்றாகிக் கைவிடும், ஆகவே வேறு நீளத்தில் இன்னொரு ஸ்டப்பும் வையுங்கள். எஃப்ஆர்4இன் மின்கடத்தா மாறிலி (போர்டில் அலைநீளம் எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) தொகுப்புக்குத் தொகுப்பு 4.2இலிருந்து 4.7 வரை மாறும் என்பதால், அதே பேனலின் ஓரத்தில் தனியாக ஒரு ஸ்டப் போட்டு, அதன் பள்ளத்தை அளந்து, உங்கள் போர்டின் நிஜ மாறிலியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.