சமூக மன்றத்தில் ஆஸ்துமா பரிசோதனை முடிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம்: "டாக்டர், என் மகனுக்கு ஆறு வயது. சளி பிடித்தால் மூன்று வாரம் இருமுவான், அதுவும் விடியற்காலையில்தான் அதிகம். எங்கள் சமூக மன்றத்தில் நடந்த ஆஸ்துமா பரிசோதனையில் சில கேள்விகள் கேட்டார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். 'ஊதிய அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மருத்துவரைப் பாருங்கள்; பராமரிப்பாளர் வகுப்புக்கும் வாருங்கள்' என்றார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் மாமியார்தான் பையனைப் பார்த்துக்கொள்கிறார். பம்ப் தொட்டால் பழக்கமாகிவிடும், வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்கிறார். அளவு சரியாக இருக்கும்போது எதற்கு மருத்துவர், எதற்கு வகுப்பு?"

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்கள் எந்நேரமும் சுருங்கி இருப்பதில்லை. சளி, தூசி, புகை, ஓட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தூண்டும்போது உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, பின்னர் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நன்றாக இருக்கும் பையன் ஊதிக் காட்டும் அளவு, அவனுடைய விடியற்கால இருமலைப் பற்றி அதிகம் சொல்லிவிடாது. போதாததற்கு, அந்தக் கருவியில் கிடைக்கும் எண் பிள்ளை எவ்வளவு முயன்று ஊதுகிறான் என்பதையும் பொறுத்தது. முகாமில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளே அந்த எண்ணைவிட மதிப்பு மிக்கவை என்பது என் கருத்து. அவற்றை வைத்துத்தான் உங்களை மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். அது நோய் உறுதியானது என்ற தீர்ப்பு அன்று, தள்ளிப்போடக் கூடாத அறிவுரை.

பலதுறை மருந்தகத்திற்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போகும்போது, இரவில் அவன் இருமும்போதும் மூச்சு இழுக்கும்போதும் சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பதிவு செய்து கொண்டுசெல்லுங்கள். பகலில் மருத்துவரின் காதில் விழாத வீசிங் (மூச்சு விடும்போது எழும் விசில் போன்ற ஒலி) அதில் கேட்கும். தோலில் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உண்டா, பெற்றோரில் எவருக்காவது ஆஸ்துமா இருந்ததா, ஓடி விளையாடினால் இருமுகிறானா என்பவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்துமா என்று உறுதியானால், நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின்கீழ் பெற்றோரின் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) கணக்கிலிருந்து சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியைச் செலுத்தலாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பாலர் பள்ளி வயதில் சளியோடு மட்டும் வீசிங் வந்த பிள்ளைகள் பலருக்கு அது பின்னாளில் நின்றுவிடுகிறது. ஆனால் எக்ஸிமாவோ குடும்பத்தில் ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைக்கு அது தொடரும் வாய்ப்பு கூடுதல். அதுவரை அவன் இழக்கும் தூக்கத்தையும் பள்ளி நாட்களையும் யாரும் திருப்பித் தர முடியாது. அவர் பம்ப் என்று சொல்லும் இன்ஹேலர் மருந்துக்கு அடிமையாவது என்று ஒன்று இல்லை. நீல நிற இன்ஹேலர் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை அது குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது நாள்தோறும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். அதில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. உயரம் குறையுமோ என்ற அச்சத்திற்கும் நேர்மையான பதில் உண்டு: இம்மருந்தைப் பல ஆண்டுகள் எடுத்த பிள்ளைகள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 செண்டிமீட்டர் குறைவாக இருந்ததாக 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தச் சிறு விலை, கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவின் ஆபத்துக்கு ஈடாகாது.

இப்போது வகுப்பு. அதற்கு நீங்கள் போவதைவிட உங்கள் மாமியார் போவது முக்கியம். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரும் போகட்டும். மூச்சுத் திணறல் வரும் வேளையில் பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் கைகளுக்குத்தான் பழக்கம் வேண்டும். தமிழில் விளக்கக்கூடிய தாதி இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். நேரே வாயில் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும் என்பதால் ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) அவசியம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, பையனின் உதடுகள் வாய்ப்பகுதியைச் சுற்றி இடைவெளியின்றி மூடிய பிறகு ஒரே ஒரு முறை அழுத்தி, அவன் நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இருக்கும் வால்வு அசைவதை மருந்து கொடுப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் மருந்து போகவில்லை. இரண்டாவது அழுத்தத்திற்கு மறுபடியும் குலுக்க வேண்டும். அவசரத்தில் சேர்த்து இரண்டு முறை அழுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. தடுப்பு மருந்துக்குப் பின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்துத் துகள்கள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் சிகரெட் புகை அறவே கூடாது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் வழிபாட்டோடு பிணைந்தவை என்பதை அறிவேன். ஆயினும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அடைத்த அறையில் அந்தப் புகை நெடுநேரம் நிற்கும் என்பதால், அவன் வீட்டில் இருக்கும்போது விளக்கோடும் பூவோடும் நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊரின் ஈரப்பதத்தில் தூசிப் பூச்சிகள் செழிப்பதால், மெத்தை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். புகைமூட்ட நாட்களில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்து, வெளி விளையாட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் எழுத்து வடிவில் ஆஸ்துமா செயல்திட்டம் கேட்டுப் பெறுங்கள். ஒரு பிரதியைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, மற்றொன்றை வகுப்பாசிரியரிடம் நீல இன்ஹேலரோடு கொடுங்கள். நீல மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், உங்கள் அழைப்புக்குக் காத்திராமல் மாமியாரே அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைத்துவிட்டு, மருத்துவ வாகனம் வரும்வரை செயல்திட்டத்தில் உள்ளபடி நீல மருந்தை ஸ்பேசர் வழியே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.