ஏழு வருடத்தில் ஓய்வூதியம் குறையும். படகில் பணம் போடும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு 50 வயது, எனக்கு 44. மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம், மகன் பத்தாம் வகுப்பு. குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் கையில் வாங்கியதைவிட எனக்குக் கூடுதலாக வருகிறது. தவறாகப் போட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. எல்.ஐ.சி. பணமும் வங்கியில் இருந்ததுமாக 9 லட்சம் இருக்கிறது. மண்டபத்தில் என் தம்பி விசைப்படகு வைத்திருக்கிறான். அந்தப் பணத்தைப் பங்காகப் போட்டால் மாதாமாதம் லாபம் தருவதாகச் சொல்கிறான். போடலாமா? ராணுவத்திலிருந்து எங்களுக்கு வேறு என்ன கிடைக்கும்?

வாசகி, உச்சிப்புளி அருகே

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கூடுதலாக வருவது பெரும்பாலும் சரியான தொகையாகத்தான் இருக்கும். உங்கள் கணவர் ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருப்பார். கம்யூட்டேஷன் என்பார்கள். அதற்கு ஈடாக 15 வருடம் மாதாமாதம் பிடித்தம் நடக்கும். அவர் இறந்ததும் அந்தப் பிடித்தம் முடிந்துவிடும். மீதியைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள், குடும்ப ஓய்வூதியத்திலும் கை வைக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அவர் இறந்த பிறகு அவர் பெயரிலேயே ஒன்றிரண்டு மாத ஓய்வூதியம் கணக்கில் வரவாகியிருந்தால் அது திரும்பப் போக வேண்டிய பணம். அதைச் செலவு செய்யாமல் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இப்போது வரும் தொகை ஆயுள் முழுவதும் இதே அளவில் வராது. ஓய்வு பெற்றவர் இறந்தால் குடும்பத்துக்கு முதலில் உயர்த்தப்பட்ட விகிதத்தில் தருவார்கள். கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது அவருடைய முழு ஓய்வூதியம் அளவுக்கு. இது ஏழு வருடத்துக்கு, அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள் வரைக்கும், இரண்டில் எது முந்தியோ அதுவரை. உங்கள் கணக்கில் ஏழு வருடம்தான் முந்தும். அதன் பிறகு சாதாரண விகிதம், சம்பளத்தில் 30 சதவீதம். அவருடைய அடிப்படை ஓய்வூதியம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு வருடம் 22,000 வரும். எட்டாம் வருடத்திலிருந்து சுமார் 13,200 ஆகிவிடும். அகவிலை நிவாரணம் இரண்டுக்கும் தனியாகச் சேரும் என்றாலும், இறக்கம் இறக்கம்தான். மாதம் 8,800 ரூபாய், அதற்குரிய நிவாரணத்தோடு, ஒரே நாளில் நின்றுபோகும்.

அந்த நாள் உங்கள் வீட்டில் எப்போது வருகிறது பாருங்கள். மகள் படித்து முடித்திருப்பாள். மகன் அப்போதுதான் கல்லூரியை முடிக்கும் கட்டத்தில் இருப்பான். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பார்த்தால் இரண்டு தொகையும், எந்தத் தேதி வரை எது என்பதும் இருக்கும். தெரியாவிட்டால் பொது சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் அல்ல, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். தம்பி, மகள், மகன் எல்லாருக்கும் தெரிய வேண்டிய தேதி அது.

இப்போது படகு விஷயம். வேண்டாம் என்றுதான் சொல்வேன். தம்பி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர் தொழிலின் ஆபத்து அவருக்குப் பழகிப்போனது, உங்களுக்கு அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் நிற்கும், அந்த மாதங்களில் லாபம் எங்கிருந்து வரும்? பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப் போனால் ஆட்கள் ஊர் திரும்பினாலும் படகு திரும்புவது நிச்சயமில்லை. அங்கே நாட்டுடைமையாகிவிட்ட ராமேஸ்வரம், மண்டபம் படகுகள் எத்தனையோ. டீசல், வலை, இன்ஜின் வேலை என்று செலவு வரும்போது பங்குதாரரிடமும் கேட்கத்தான் செய்வார்கள். எழுத்தில் எதுவும் இல்லாத பங்கு என்றால் அக்கா தம்பி உறவும் சேர்ந்து போய்விடும். அவருக்கு உதவ மனம் வந்தால், திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீடு ஆட்டம் காணாத ஒரு சிறு தொகையைக் கொடுங்கள். அதைக் கொடுத்த அன்றே கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

சரி, 9 லட்சத்தை என்ன செய்வது? இரண்டு லட்சத்தை அவசரத்துக்கு வங்கியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வையுங்கள். மூன்று லட்சம் மகளின் மீதிப் படிப்புக்கு. ஒவ்வொரு வருடக் கட்டணத் தேதிக்கும் முதிர்வது போலத் தனித்தனி வைப்பாகப் பிரித்துப் போடலாம். மீதி நான்கு லட்சத்துக்கு அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்குங்கள். மாத வருமானத் திட்டத்தில் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். உங்களுக்கு இப்போது மாத வருமானம் தேவையில்லை, ஏழு வருடம் கழித்துத்தான் தேவை. சேமிப்புப் பத்திரத்துக்கு இதை எழுதும் நேரத்தில் வட்டி 7.7 சதவீதம். ஐந்து வருடத்தில் நான்கு லட்சம் சுமார் 5.80 லட்சமாகும்.

இதோடு ஓய்வூதியத்திலிருந்து மாதம் 4,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். 6.7 சதவீதத்தில் ஐந்து வருடம் கழித்து சுமார் 2.85 லட்சம் கைக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் 8.65 லட்சம். ஓய்வூதியம் குறையும் சமயத்தில் இதை மாத வருமானத் திட்டத்துக்கு மாற்றினால், இப்போதுள்ள 7.4 சதவீதத்தில் மாதம் 5,300 ரூபாய் வரும். தனிநபருக்கான உச்சவரம்பு 9 லட்சம், அதற்குள் அடங்கிவிடுகிறது. அடிப்படையில் குறையும் 8,800-இல் பாதிக்கு மேல் இதுவே ஈடுகட்டும். இன்றைக்கு வருவதை முழுசாகச் செலவு செய்து பழகாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதைச் செய்ய உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

அடுத்து, வேறு என்ன கிடைக்கும் என்ற கேள்வி. ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, சைனிக் போர்டு என்று ஊரில் சொல்வது அதைத்தான். கணவரின் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுசாக ஒதுக்கிப் போங்கள். உங்களுக்கான விதவை அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள். போகும் முன் டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்காகவே விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன. மாற்றம் இருந்தால் அவருடைய ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

நிறையக் குடும்பங்கள் விட்டுவிடும் பணம் ஒன்று உண்டு. ராணுவக் குழுக் காப்பீடு, ஏ.ஜி.ஐ. என்பார்கள். பணியில் இருக்கும்போது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓய்வு பெறும்போது ஒரே தவணையாகப் பிரீமியம் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகும் பல வருடம் நீளும் காப்பீடு அதில் இருக்கிறது. உங்கள் கணவரின் பழைய காகிதங்களில் அதற்கான சான்றிதழைத் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் சைனிக் போர்டு வழியாக ஆவண அலுவலகத்தில் விசாரிக்கலாம். எட்டு மாதம் ஆகிவிட்டது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் பொருந்தும். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்படிப்பில் சேரும்போது பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500 ரூபாய். கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வாய்ப்புப் போய்விடும். பிளஸ் டூவில் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விண்ணப்பிக்கத் தகுதி மட்டும்தான். நாடு முழுவதும் வருடத்துக்கு 5,500 பேரை மதிப்பெண் வரிசைப்படி எடுக்கிறார்கள். கல்லூரி முதல்வரின் சான்றும் சைனிக் போர்டின் சான்றும் வேண்டும். மண்டபத்தில் கடலோரக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்ற குடும்பங்களும் இதைக் கவனிக்கலாம், அவர்கள் பிள்ளைகளுக்கும் இது உண்டு.

மகனுக்கு வேறொன்று. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இரண்டு பேர் வரை, பட்டப்படிப்பு முடியும் மட்டும் ராணுவ அமைச்சரின் நல நிதியிலிருந்து கல்வி உதவி வருகிறது. முன்பு மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் 2,000 ஆக்கியிருக்கிறார்கள். அதே நிதியில் மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவியும் உண்டு, முன்பு அது 50,000. மகன் பொறியியல் பக்கம் போவதாக இருந்தால் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் இருப்பதை மறக்க வேண்டாம். அதற்கான சான்றையும் இதே அலுவலகத்தில்தான் தருவார்கள்.

மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவர் ஏற்கெனவே கட்டிய சந்தாவே போதும், நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அட்டையை உங்களை முதன்மை உறுப்பினராகக் காட்டி மாற்ற வேண்டும். மகனுக்கு 25 வயது வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, மகளுக்குத் திருமணமோ வேலையோ ஆகும் வரை இதில் இடம் உண்டு. அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இந்தத் திட்டத்தின் மருத்துவ மையமான பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். இது இருக்கும்போது பெரிய பிரீமியத்தில் தனியார் மருத்துவக் காப்பீடு வாங்கச் சொல்லி யார் வந்தாலும் அவசரப்பட வேண்டாம்.

தம்பியைப் போல யாராவது தொழில் யோசனை சொன்னால் அல்லது உங்களுக்கே ஆசை வந்தால், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மாநில அரசின் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் வங்கிக் கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் இருக்கிறது. உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்று சைனிக் போர்டில் கேளுங்கள். இருக்கிற 9 லட்சத்தைத் தொடாமல் யோசிக்க அது ஒரு வழி.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். குடும்ப ஓய்வூதியம் சம்பளமாக இல்லாமல் பிற வருமானமாகக் கணக்காகும். புதிய முறையில் அதில் 25,000 வரை கழிவு உண்டு, உங்கள் தொகைக்கு வரி வராது.

கடைசியாக, வருடம் ஒரு முறை உயிர்ச்சான்று கொடுப்பது இனி உங்கள் வேலை. பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, கைபேசியில் முகம் காட்டியோ கொடுத்துவிடலாம். தவறினால் ஓய்வூதியம் நிற்கும். ஸ்பர்ஷிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் ஓ.டி.பி. கேட்டாலும் கொடுக்காதீர்கள், உயிர்ச்சான்று நிலுவை என்று மிரட்டினாலும் சைனிக் போர்டில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.