டிஸ்டர்ப் என்றால் தொந்தரவு மட்டும்தானா?

இல்லை. 'டிஸ்டர்ப் பண்ணாதே' என்று நாம் அன்றாடம் சொல்வது அதன் ஒரு பொருள்தான். இதன் வேர் லத்தீனில் உள்ள 'டுர்பா'. அமளி, கூட்டம் என்று அர்த்தம். அதனால் நம் 'கலக்கு'தான் இதற்கு மிக நெருங்கிய சொல் என்பேன். குளத்தடியில் படிந்த வண்டலை மீன் கிளறினாலும் டிஸ்டர்ப், மேசையில் அடுக்கிவைத்த தாள்களை யாரோ இடம் மாற்றினாலும் டிஸ்டர்ப். மனம் கலங்கினாலும் அதே சொல்தான். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: 'டிஸ்டர்பிங் நியூஸ்' என்றால் தொந்தரவான செய்தி அல்ல, நெஞ்சைக் கலங்கடிக்கும் செய்தி.

தூங்குகிறவரை எழுப்பினால் டிஸ்டர்ப், சரி. பேச்சின் நடுவே குறுக்கிட்டால்? அதற்கு 'இன்டரப்ட்' இன்னும் பொருத்தம். அப்புறம், போனில் 'சாரி டு டிஸ்டர்ப் யூ' என்று தொடங்குவது மரியாதையான வழக்கம், தயங்காமல் சொல்லுங்கள்.