இதய மாத்திரையோடு வைட்டமினும் மூலிகையும் சேருமா? பினாங்கு மருந்தாளுநரின் கேள்வி பதில்

பாயான் லெப்பாஸிலிருந்து: ஐயா, அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் ஒன்று கொடுக்கிறோம். இரண்டாக்கினால் அடைப்பு திரும்ப வராதா?

போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முன்னால் இருக்கும் 1000 எண்ணெயின் மொத்த எடை. சாதாரண கேப்சூலில் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான். மாரடைப்பைக் குறைத்ததாக 2018-இல் வந்த ரெடியூஸ்-இட் ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 4 கிராம் சுத்திகரித்த இபிஏ. அது டாக்டர் எழுதித் தரும் மருந்து. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடியிருந்த, ஏற்கெனவே ஸ்டேட்டின் எனும் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். கடை கேப்சூலில் அந்த இபிஏ கிடைக்க 22-க்கு மேல் விழுங்க வேண்டும். அப்படிச் செய்துவிடாதீர்கள். இபிஏவும் டிஹெச்ஏவும் கலந்து 4 கிராம் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்வு 2020-இல் பலன் காட்டவில்லை. இரண்டு ஆய்விலுமே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் துடிப்புக் கோளாறு கூடியது.

அதனால் ஒன்றை இரண்டாக்குவதில் அர்த்தமில்லை. வாரம் இரண்டு நாள் கெம்போங் மீனைக் குழம்பாகவோ ஆவியிலோ சமைத்துக் கொடுங்கள், பொரிக்க வேண்டாம். எனக்கு இருக்கும் கவலை வேறு: மீன் எண்ணெய் இருக்கிறதே என்று இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைய அது ஒன்றே போதும்.

செந்தூலிலிருந்து: சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டால் தொடை வலிக்கிறது. சீன மருந்துக்கடையில் ஆங்காக் கேப்சூல் இயற்கையானது என்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

ஆங்காக் என்பது சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மொனாகோலின் கே, லோவாஸ்டேட்டின் என்ற மாத்திரையின் அதே மூலக்கூறு. ஒரு ஸ்டேட்டினுக்குப் பயந்து இன்னொரு ஸ்டேட்டினைத்தான் வாங்குகிறீர்கள், அதுவும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல். போத்தலுக்குப் போத்தல் அளவு மாறும். நொதித்தல் சரியில்லாவிட்டால் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சும் சேரும். சிம்வாஸ்டேட்டினையும் ஆங்காக்கையும் சேர்த்துச் சாப்பிட்டால் தசை சிதையும் ஆபத்து ஏறும். வலியோடு சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலிக்கு முதலில் காரணம் தேட வேண்டும். தசைச் சிதைவைக் காட்டும் சிகே இரத்தப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் எடுக்கிறீர்களா? அப்படியானால் சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 40 எடுப்பவருக்கு வலி அங்கிருந்தே வரலாம். கிரேப்ஃப்ரூட் சாறு இந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸிலும் அந்த வகை வேதிப்பொருள்கள் உண்டு, தவிர்த்துவிடுங்கள். டாக்டர் அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டேட்டினுக்கு மாற்றலாம். கோ-கியூ10 என்ற சத்து மாத்திரை வலியைத் தீர்க்கும் என்பதற்கு ஆய்வுகள் ஒருமித்த பதில் தரவில்லை.

ஆயிர் ஈத்தாமிலிருந்து: அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுக்கிறார்கள். பயந்துபோய் கீரையையே நிறுத்திவிட்டோம். சரியா?

நிறுத்த வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் கெடுப்பது கீரை அல்ல, ஏற்ற இறக்கம். மூன்று வாரம் கீரையே இல்லாமல் இருந்து, விரத நாளில் இரண்டு கிண்ணம் முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) சரியும், வால்வில் உறைகட்டி வரலாம். வாரம் இரண்டு முறை, ஒரு சின்னக் கிண்ணம், எப்போதும் அதே கிண்ணம் என்று வையுங்கள். டாக்டர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்வார். மறுபடி ஆரம்பிக்கும்போது வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர் பாருங்கள்.

குழம்பில் போடும் பூண்டு பரவாயில்லை. பூண்டு கேப்சூல், ஜின்கோ, ஜின்செங், 400 யூனிட் வைட்டமின் ஈ இவற்றை அம்மா பக்கம் கொண்டுபோகாதீர்கள். மல்டிவைட்டமின் என்றாலும் வைட்டமின் கே இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: வைட்டமின் ஈ, டி, நியாசின் (வைட்டமின் பி3), இவை இதயத்துக்கு நல்லதா?

குறைபாடு இல்லாதவருக்கு எதுவும் மாரடைப்பைத் தடுக்கவில்லை. வைட்டமின் டி 2000 யூனிட்டை 25,871 பேரிடம் சோதித்த வைட்டல் ஆய்வும் அதையே சொன்னது. வைட்டமின் ஈ 400 யூனிட்டை நீண்ட காலம் எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியது. ஸ்டேட்டினோடு நியாசின் சேர்த்ததில் பக்கவிளைவுதான் மிச்சம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: லிட்டில் இந்தியா நாட்டு மருந்துக்கடையில் மருதம்பட்டைப் பொடி வாங்கினேன். பிரஷர் மாத்திரையோடு குடிக்கலாமா?

மருதம்பட்டையை இதயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் பழமையானது. ஆனால் அதைச் சோதித்த ஆய்வுகள் சிறியவை, மாத்திரைக்குப் பதிலாக வைக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. இரத்த அழுத்தம் சேர்ந்து இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். குடிக்க நினைத்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பாக்கெட்டில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, 8 இலக்கம் வந்து, டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா? அது பாரம்பரிய மருந்துக்கான பதிவு. சத்து மாத்திரைக்கு என் (N) என்ற எழுத்தில் முடியும். எண்ணை மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாளில் மடித்துத் தரும் பொடிக்கு இந்தக் காவல் கிடையாது.

இன்னொன்று: 'குறைந்த சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். பெரின்டோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள் எடுப்பவர்கள் அதையும், தினசரி இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம்.

மீண்டும் செந்தூலிலிருந்து: அப்படியானால் இயற்கையாக எதுதான் வேலை செய்யும்?

இசப்கோல் உமி. நாளுக்கு 10 கிராம், இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தாமதித்தால் களியாகித் தொண்டையில் சிக்கும். மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கெட்ட கொலஸ்ட்ரால் 5 முதல் 10 சதவீதம் இறங்கும். காலையில் ரொட்டி சானாய்க்குப் பதில் ஓட்ஸ், சமைக்காத அளவில் முக்கால் கப். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், ஊறுகாய், அப்பளம், கிச்சாப் எல்லாம் அந்தக் கணக்கில்தான். கெட்டித் தேங்காய்ப்பாலைக் குறையுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: நெஞ்சு வலி வந்தால் மிளகாய்த்தூள் கலந்த வெந்நீர் நிறுத்திவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

நிறுத்தாது, நேரத்தைத்தான் தின்னும். அப்பாவை அசையாமல் உட்கார வைத்து 999-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, இரத்தப்போக்கு இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். அவரே காரோட்டிப் போக விடாதீர்கள். மாத்திரைப் பைகளோடு மீன் எண்ணெய்ப் போத்தலையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.