கையில் ஓர் எண், விரலில் ஓர் எண்

கேள்வி: என் அப்பாரின் கையில் ஒட்டிய தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவி, ராகிக் களி உண்ட அரைமணியில் 148 என்று காட்டியது; விரலில் குத்திப் பார்த்தால் 170. கருவி பழுதா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பழுதென்று அஞ்ச வேண்டாம். தோலடியில் செருகிய மெல்லிய இழை (சென்சார்) இரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கிடையே உள்ள திரவத்தின் குளுக்கோஸையே அளப்பதால், உணவுக்குப்பின் சர்க்கரை ஏறும்போது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். இக்கருவிகளைச் சோதிக்கும்போது, மருத்துவர் மேற்பார்வையில் தன்னார்வலர்களின் சர்க்கரையை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும், அடிக்கடி எடுத்த சிரை இரத்தத்தின் ஆய்வக அளவோடு சென்சார் எண்ணை ஒப்பிடுகிறார்கள். சராசரி வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஆனால் சர்க்கரை 70-க்குக் கீழே இருக்கும்போது நேரும் பிழையே உயிருக்கு ஆபத்தானது என்பதால், அதைத் தனியே ஆராயாத சோதனையை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன். அப்பாருக்கு நடுக்கமோ வியர்வையோ கண்டால், சென்சார் எதைக் காட்டினாலும் உடனே விரலில் குத்திப் பாருங்கள்.