ஒரு கையோடு வாழ்ந்த ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரின் ‘டூ ஹேண்ட்ஸ்’ இசைத்தட்டை அண்மையில் கேட்டேன். வலது கையின் இரு விரல்கள் மடங்கிப்போனதால் முப்பதாண்டுகளுக்கு மேல் அவரால் இரு கைகளாலும் வாசிக்க இயலவில்லை என்றும், பிறகு போடாக்ஸ் ஊசி அவரைக் குணப்படுத்தியது என்றும் படித்தேன். அந்த ஊசி முன்பே கிடைத்திருந்தால் ஒரு மேதையின் முப்பதாண்டுகள் வீணாகியிருக்காதே என்ற வருத்தம் மனதை விட்டு அகலவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

இழப்பு பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் வீணாயின என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃப்ளைஷரின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதியே அதுதான்.

அவர் இழந்தது எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் தொப்பி செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஃப்ளைஷர். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதியை வைத்திருந்த புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல், ஒன்பது வயதுச் சிறுவனின் வாசிப்பைக் கேட்டு அந்த விதியைத் தளர்த்தினார். தன்னிடம் கற்கும் காலத்தில் மேடைக் கச்சேரி கூடாது என்ற நிபந்தனையை மட்டும் விதித்தார். 1938இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பாடம் தொடங்கியது. ஷ்னாபெல் லெஷெடிட்ஸ்கியின் மாணவர், லெஷெடிட்ஸ்கி செர்னியின் மாணவர், செர்னி பீத்தோவனிடமே பயின்றவர். அந்தப் பரம்பரையில் ஐந்தாம் தலைமுறையாக வந்த பையன் பதினாறு வயதில் பியர் மோண்டோ நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோவை, அதாவது தனிப் பியானோவும் இசைக்குழுவும் இணைந்து வாசிக்கும் படைப்பை, வாசித்தான். 1952இல் பிரஸ்ஸெல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதலிடம் பெற்றார். அமெரிக்கர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார். அதே பிராம்ஸ் முதல் கான்செர்ட்டோவில், முரசும் தந்திக் கருவிகளும் இடியாய் முழங்கி ஓய்ந்தபின் பியானோ சற்றும் குரலை உயர்த்தாமல் உள்ளே நுழையும் இடத்தை அந்தப் பதிவில் கேட்டுப் பாருங்கள். முப்பது வயதுக்காரரிடம் அவ்வளவு நிதானம் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

1964இல், முப்பத்தாறாம் வயதில், வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அவரை மீறி உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கின. இன்று இதை ஃபோகல் டிஸ்டோனியா என்கிறார்கள். நுண்ணிய அசைவை ஓயாமல் சாதகம் செய்யும்போது மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஸெல்லுடன் சோவியத் நாடு செல்லவிருந்த பயணத்தில் அவரால் கலந்துகொள்ள இயலவில்லை. என்ன நோயென்று சொல்ல மருத்துவர்களுக்கும் அப்போது தெரியவில்லை. தற்கொலை எண்ணம் வரை சென்றதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதிலிருந்து மீண்டது, தன் உறவு இசையோடுதானே தவிர இரண்டு கைகளோடு அல்ல என்று உணர்ந்த பிறகுதான். இசைக்குழுக்களை நடத்தக் கற்றார். இடக்கைக்கென்று எழுதப்பட்ட படைப்புகளை எடுத்துக்கொண்டார். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கன்ஸ்டைன் என்ற வியன்னாக் கலைஞர் பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கியவை அவற்றில் முதன்மையானவை. 1932இல் வியன்னாவில் அரங்கேறிய ராவெலின் கான்செர்ட்டோ அவற்றுள் மிகப் புகழ்பெற்றது. தனித்து வாசிக்க இடக்கை உண்மையில் மிகவும் பொருத்தமானது. வலுவான கட்டைவிரல் மேல் ஸ்வரங்களின் பக்கம் அமைவதால் மெட்டை அது தாங்கிக்கொள்ளும். கீழே அடித்த மந்தர ஸ்வரத்தைக் காலால் மிதிக்கும் பெடலால் ஒலிக்கவிட்டுவிட்டுக் கை மேலே தாவும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வாசிப்பது ஒரு கை என்றே தோன்றாது.

இவற்றைவிடப் பெரியதாக நான் கருதுவது அவருடைய ஆசிரியப் பணி. பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் 1959இல் தொடங்கி அறுபதாண்டுகள் கற்பித்தார். மாணவனைச் சற்று விலக்கி உட்காரச் சொல்லிவிட்டு, ‘இப்படி’ என்று தானே வாசித்துக் காட்டுவது ஆசிரியர்களுக்கு எளிய வழி. அது அடைபட்டுப்போனதால், ஒரு இசைத்தொடர் ஏன் அந்த இடத்தில் தளர வேண்டும், எந்த ஸ்வரத்தை நோக்கி அது நகர்கிறது என்பதையெல்லாம் சொல்லில் கொண்டுவர வேண்டியிருந்தது என்றும், அதனால் தான் மேலும் நல்ல ஆசிரியர் ஆனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜானதன் பிஸ் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள்.

ஊசி அவரைக் குணப்படுத்தியது என்று நீங்கள் படித்ததும் முழு உண்மையல்ல. 1982இல், மணிக்கட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின், பால்டிமோரின் புதிய அரங்கத் திறப்பு விழாவில் அவர் இரு கைகளால் வாசித்ததை ஊரே கொண்டாடியது. கை சரியாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, மீண்டும் இடக்கைக்கே திரும்பினார். 1990களில் தொடங்கிய போடாக்ஸ், அளவுமீறி இறுகும் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும், அவ்வளவே. பிறகு மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் 2020இல் அவர் மறையும் வரை உடனிருந்தது.

நீங்கள் கேட்ட இசைத்தட்டு வெளிவந்தது 2004இல். அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஃப்ளைஷர் இன்னொன்றும் செய்தார். இசையமைப்பாளர் ஹிண்டெமித் 1923இல் விட்கன்ஸ்டைனுக்காக எழுதிக்கொடுத்தும், விட்கன்ஸ்டைன் ஒருமுறைகூட வாசிக்காமல் பூட்டி வைத்திருந்து, அவருடைய மனைவியின் காலத்துக்குப் பிறகே வெளிச்சத்துக்கு வந்த இடக்கைப் படைப்பை, சைமன் ராட்டில் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் முதன்முதலாக அரங்கேற்றினார். வலக்கை ஓரளவு திரும்பிய பின்னும், எழுபத்தாறு வயதில், இடக்கைக்கான ஒரு புதிய படைப்பை உட்கார்ந்து கற்றுக்கொண்டவர், அந்த முப்பதாண்டுகளைத் தான் இழந்த காலமாக மட்டும் எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.