வெள்ளைப்படுதல் எல்லாம் பூஞ்சை அல்ல: மகப்பேறு மருத்துவரின் கேள்வி-பதில்

மாதவிடாய் முடியும் நாட்களிலும், கணவருடன் சேர்ந்த பிறகும் மீன் வாடை போல நாற்றம் வருகிறது. அரிப்பு இல்லை. மருந்துக் கடையில் கேட்டு, க்ளோட்ரிமசோல் மாத்திரையை உள்ளே வைத்துப் பார்த்தேன். பயனில்லை. (29 வயது, சேலம்)

பயன் இருந்திருந்தால்தான் வியப்பு. க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து. கேண்டிடா பூஞ்சை என்றால் அரிப்பும் எரிச்சலும்தான் முதலில் வாட்டும். வெள்ளை திப்பிதிப்பியாகப் படும், நாற்றம் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'பாக்டீரியல் வெஜைனோசிஸ்' ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அங்குள்ள அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. அவை குறைந்தால் கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, மொபிலங்கஸ் போன்றவை பெருகுகின்றன. நாற்றம் இவை உண்டாக்கும் அமீன்கள் என்னும் வேதிப்பொருள்களால் வருவது. அமிலத்தில் அடங்கிக் கிடக்கும் அமீன்கள், காரத்தன்மை உள்ள விந்தோ இரத்தமோ கலந்ததும் ஆவியாகின்றன. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நேரங்களிலும் வாடை கூடுவது இதனால்தான்.

ஆனால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியாலும் நாற்றம் வரும். அது பாலுறவால் பரவுவது. கணவருக்கும் கட்டாயம் மருந்து தர வேண்டும். ஆகவே கடிதத்தைப் படித்து மருந்து எழுத மாட்டேன். 1983 முதல் வழக்கத்தில் உள்ள ஆம்செல் அளவுகோல்கள் எளியவை: நீர்த்த சாம்பல் நிறக் கசிவு, 4.5-க்கு மேல் பிஎச், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தை விட்டால் எழும் மீன் வாடை, நுண்ணோக்கியில் பாக்டீரியா அப்பிய செல்கள். நான்கில் மூன்று இருந்தால் உறுதி. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பூஞ்சை மருந்து வாங்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கல்ச்சர் பரிசோதனையில் 'கார்ட்னெரெல்லா' வளர்ந்ததாக அறிக்கை வந்துள்ளது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மருந்து எடுக்க வேண்டுமா? (34 வயது, கோவை)

வேண்டாம். நலமாக உள்ள பெண்கள் பலரிடமும் அந்தக் கிருமி உண்டு. 1955-இல் ஹெர்மன் கார்ட்னர், சார்லஸ் டியூக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் பாக்டீரியல் வெஜைனோசிஸுக்கு அந்த ஒரே கிருமிதான் காரணம் என்று எழுதினார்கள். தனியாக வளர்த்த கிருமியைப் பெண்களின் யோனியில் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. நோயுள்ள பெண்ணின் கசிவையே வைத்தபோது பலருக்கு வந்தது. (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) இது பல கிருமிகள் சேர்ந்து செய்யும் வேலை என்பது அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்த நோயைக் கண்டறிய கல்ச்சர் உதவாது; காசுதான் செலவு.

எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது என்கிறார் பாட்டி. பயமாக இருக்கிறது. (19 வயது, விருதுநகர்)

எலும்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாற்றமோ அரிப்போ இல்லாமல், மாதத்தின் நடுவில் வழவழப்பாக இழுபட்டுப் படுவது கருமுட்டை வெளிவரும் காலத்தின் இயல்பு. களைப்பு இருந்தால் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள்.

பாக்டீரியல் வெஜைனோசிஸுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை ஏழு நாள் சாப்பிட்டால் சரியாகிறது. சில மாதங்களில் மறுபடி வருகிறது. தவறு என்னுடையதா? (31 வயது, சென்னை)

இல்லை. சரியாக மருந்து எடுத்தவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் திரும்ப வருகிறது. கிருமிகள் யோனிச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மாத்திரை மேலே உள்ளதைக் கொன்றாலும் அடியில் மிச்சம் இருந்துவிடுகிறது.

இன்னொரு காரணத்தை நாங்கள் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தோம்: கணவர். ஆண்குறியின் தோலிலும் இதே கிருமிகள் தங்கும். ஆஸ்திரேலியாவில் ஒரே துணையுடன் வாழும் தம்பதியரிடம் நடந்து, 2025-இல் வெளியான ஆய்வில், ஆணுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளிண்டமைசின் களிம்பும் தந்தார்கள். 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது 35 விழுக்காட்டினருக்கு. பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த பிரிவிலோ 63 விழுக்காட்டினருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மாத்திரை மட்டும் தந்த பழைய ஆய்வுகள் தோற்றன. களிம்பும் சேர்ந்ததுதான் இதில் புதுமை. அடுத்த முறை கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். "எனக்கு ஒன்றுமில்லையே" என்பார். அவருக்கு அறிகுறி இருக்காதுதான்; அதற்காக விட்டுவிட வேண்டாம்.

தயிர் வைத்தால் நல்ல பாக்டீரியா வருமா? வாசனைத் திரவத்தால் கழுவலாமா? (பெயர் வேண்டாம்)

தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள். தயிரில் உள்ள இனங்கள் வேறு, யோனியைக் காக்கும் கிரிஸ்பேட்டஸ் என்னும் லாக்டோபேசில்லஸ் இனம் வேறு. உள்ளே சோப்பு, கிருமிநாசினி, நறுமணத் திரவம் எதுவும் வேண்டாம். இருக்கும் லாக்டோபேசில்லஸையும் அவை விரட்டும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும்.

அரசு மருத்துவமனையில் சோதனை எதுவும் செய்யாமல் பச்சை நிறக் கிட் ஒன்றைக் கொடுத்தார்கள். சாப்பிடலாமா? (42 வயது, தர்மபுரி)

சாப்பிடலாம். அதில் செக்னிடசோல் 2 கிராமும் ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். நுண்ணோக்கி இல்லாத இடத்திலும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காக, பாக்டீரியா, ஒட்டுண்ணி, பூஞ்சை மூன்றையும் ஒருசேர எதிர்கொள்ளும் ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தால் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். குணமாகாவிட்டால் இரண்டாவது கிட் கேட்காமல், பரிசோதனை கேளுங்கள்.

ஐந்தாம் மாதம். நாற்றத்துடன் வெள்ளை படுகிறது. மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா? (26 வயது, தஞ்சாவூர்)

மெட்ரோனிடசோலைக் கர்ப்ப காலத்தில் நீண்ட காலமாகவே தந்து வருகிறோம். மருத்துவர் எழுதினால் தயங்காமல் சாப்பிடுங்கள். பாக்டீரியல் வெஜைனோசிஸுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால், அறிகுறி உள்ள நீங்கள் அதை மறைக்கக் கூடாது. திடீரெனத் தண்ணீர் போலக் கசிந்தால், அது வெள்ளையா பனிக்குட நீரா என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவாக இருந்தாலும் சரி.